கேளுங்க அண்ணாச்சி: சீசன்னா குத்தாலம்லா?

கேள்வி: அண்ணாச்சி வணக்கம். பாளையங்கோட்டைல எங்க நகர் நலச்சங்கத்துக்கு இந்த வருஷம் நாந்தான் செக்ரட்டரி. மொத்தம் 42 வீடு, மூணு மதத்துக்காரங்களும் இருக்கோம். வருஷா வருஷம் டிசம்பர்ல தெருமுனைல 'இனிய கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்'னு பேனர் கட்டுறது வழக்கம். இந்தத் தடவை ஒரு சார், எல்லாரும் இருக்குற இடம் பொதுவா 'பண்டிகைக்கால வாழ்த்துகள்'னு போட்டுருங்கன்னு வாட்சப் குரூப்ல சொல்ல, நாலாம் நம்பர் வீட்டு டீச்சர், "தீபாவளிக்கு தீபாவளின்னுதானே போட்டீங்க, எங்களுக்கு வரும்போதுதான் பொதுவாப் போகுதா"ன்னு ஒரே வரில கேட்டுட்டாங்க. அன்னையிலருந்து குரூப்புல குட்மார்னிங் கூட வரல. நான் என்ன போடட்டும்?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: டீச்சர் கேட்டது நியாயமான கேள்வி தாயி. தீபாவளிக்குப் பேரு உண்டு, ரம்ஜானுக்குப் பேரு உண்டு, கிறிஸ்துமஸ் வரும்போது மட்டும் பேரை எடுத்துட்டா அது பொதுவும் இல்ல ஒண்ணும் இல்ல, ஒரு வீட்டை மட்டும் பந்தியிலருந்து எழுப்புன மாதிரிதான். அந்த சார் கெட்ட எண்ணத்துல சொல்லிருக்க மாட்டாரு, மகனோ மகளோ அமெரிக்காவுல இருக்கும், அங்க 'ஹேப்பி ஹாலிடேஸ்'னு சொல்றதப் பாத்துட்டு வந்துருப்பாரு. அங்க அதுக்கு ஒரு காரணம் இருக்கு. யூதங்களோட ஹனுக்கா பெரும்பாலும் டிசம்பர்லதான் வரும், கிறிஸ்துமஸ் 25, கறுப்பின மக்கள் 1966-லருந்து கொண்டாடுற குவான்சா 26-ந் தேதி ஆரம்பிக்கும், எல்லாம் ஒரே நேரத்துல மோதுறதால பொதுவா ஒரு வார்த்தை தேவைப்படுது. அதுவும் நேத்து வந்த பழக்கம் இல்ல, 1953-லயே அப்போ அமெரிக்க அதிபரா இருந்த ஐசன்ஹோவர் வெள்ளை மாளிகையிலருந்து அனுப்புன கார்டுல 'சீசன்ஸ் கிரீட்டிங்ஸ்'னுதான் போட்டிருந்துச்சு. ஆனா லண்டன்ல 1843-ல ஹென்றி கோல்ங்குறவர் அச்சடிச்சு விக்க விட்டாரே, கடைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் கார்டு, அதுல கிறிஸ்துமஸும் புத்தாண்டும் பேரோடயே இருக்கு. இன்னொரு வேடிக்கை, மதம் வேண்டாம்னு எடுத்துக்கிட்ட 'ஹாலிடே'ங்குற வார்த்தையே 'புனித நாள்'ங்குறதுலருந்து வந்ததுதான். எங்க போய் ஒளிய?

இந்த சீசன் விஷயத்துல நானே ஒரு தடவ நல்லா வாங்கிக் கட்டிருக்கேன். வேலைக்குச் சேந்த புதுசு, ஆபீஸ்ல மொத்தமா 'சீசன்ஸ் கிரீட்டிங்ஸ்'னு அச்சடிச்ச கார்டு மிஞ்சிக் கெடந்துச்சு, நம்மதான் ஓசின்னா விடமாட்டோமே, தெரிஞ்ச வீட்டுக்கெல்லாம் ஆளுக்கு ஒண்ணுன்னு எடுத்துக்கிட்டு கூட்டாளி வீட்டுக்குப் போனேன், ஊசிக்கோபுரம் சர்ச்சுக்குப் பக்கத்துத் தெரு. அவன் அம்மா கண்ணாடியப் போட்டு கார்டை முன்னும் பின்னும் திருப்பிப் பாத்துட்டு, "இது என்ன சீசன்டே? குத்தால சீசன் ஆனி ஆடியிலலா வரும்?"ன்னு கேட்டாங்க. நான் முழிச்சேன். அப்புறம் அவங்களே, "பண்டிகை வாழ்த்து சொல்ல வந்தியாக்கும், அதை வாய்விட்டுச் சொல்லு"ன்னுட்டு முந்திரிக்கொத்து எடுத்து வச்சாங்க. கார்டு ஃபிரிட்ஜ் மேல போச்சு, மறுபடி அதை நான் பாக்கல.

அந்த முந்திரிக்கொத்துத் தட்டுதான் நம்ம ஊரு வாழ்த்து. யோசிச்சுப் பாருங்க, வாழ்த்துகள்னு (நடுவுல 'க்' போட்டு 'வாழ்த்துக்கள்'னு எழுதக்கூடாதுன்னு எங்க ப்ரூஃப் பாக்குறவர் ஒரே சண்டை) பக்கத்து வீட்டுக்காரங்கள்ட்ட முகத்துக்கு நேரா எப்ப சொல்லிருக்கோம்? பொங்கலன்னைக்கு "பால் பொங்கிச்சா?"ம்போம், தீபாவளிக்கு முந்துன நாள் "பலகாரம் சுட்டாச்சா?"ம்போம். நோன்பு மாசம் சாயங்காலம் பள்ளிவாசல் கஞ்சி தூக்குவாளியில வரும், கிறிஸ்துமஸ்னா எவர்சில்வர் தட்டுல மேல துணி மூடி வரும், தட்டு விளிம்புல புள்ளி புள்ளியா அந்த வீட்டுப் பேரு வெட்டிருக்கும். வெறுந்தட்டைத் திருப்பிக் குடுக்கக் கூடாதுன்னு எங்க ஆச்சி ஒரு கை சீனியாவது போட்டுத்தான் விடுவாங்க. யாரு வீட்டுத் தட்டுங்குறதுல யாருக்கும் குழப்பம் வந்ததில்ல, யாரு மதமும் குறைஞ்சும் போகல.

சரி, பேனருக்கு வாரேன். டிசம்பர் 20 வாக்குல 'கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் நல்வாழ்த்துகள்'னு மூணு பேரையும் போட்டு ஒரே பேனரா கட்டி, காணும் பொங்கல் முடிஞ்சு அவுத்துருங்க. ஃபிளெக்ஸ் காசும் மிச்சம். நமக்கும் பண்டிகை நெருக்கமா வர்ற ஒரே நேரம் அதுதான், மார்கழில வெள்ளனே கோயில் ஸ்பீக்கர்ல திருப்பாவை, ராத்திரி பன்னெண்டு மணிக்கு கேரல் ரவுண்ட்ஸ், நடுவுல தூங்குறவன் பாடுதான் திண்டாட்டம். 2000-த்துல நோன்புப் பெருநாளும் கிறிஸ்துமஸ் முடிஞ்ச கையோட வந்துச்சு, ஹிஜ்ரி கணக்குல பெருநாள் வருஷத்துக்கு ஒரு 11 நாள் முந்தி முந்தி வர்றதால 2033 வாக்குல மறுபடி டிசம்பருக்கு வரும், அப்ப நாலு பேரா எழுதிக்கிடலாம்.

பொது வாழ்த்தே கூடாதுன்னு சொல்ல வரல. முகம் தெரியாத கூட்டத்துக்கு, பஸ் ஸ்டாண்டுக்கு, கஸ்டமர் ஆயிரம் பேருக்கு அனுப்புற எஸ்எம்எஸ்ஸுக்கு அது சரிதான். ஏன்னா பேரை வச்சு மதத்தைக் கண்டுபிடிக்குற சோலி நம்ம ஜில்லாவுல ஆகாது, ஒரே குடும்பத்துல பெரியப்பா வீடு சர்ச்சுக்குப் போகும், சித்தப்பா வீடு சுடலைமாடனுக்குக் கொடை குடுக்கும். ஆனா நாலாம் நம்பர் டீச்சர் யாருன்னு உங்களுக்குத் தெரியும்லா? அப்ப குரூப்ல டைப் பண்ணிக்கிட்டு இருக்காம வீட்டுக்குப் போயிட்டு வாங்க. கேக்கு குடுப்பாங்க.

கேள்வி: எங்க மேனேஜர் நல்ல மனுஷன். ஆனா ஹஜ்ஜுப் பெருநாளைக்கு 'ஹேப்பி ரம்ஜான்'னு அனுப்புறார், முஹர்ரத்துக்கும் பூ படம் போட்டு 'ஹேப்பி முஹர்ரம்'ங்கிறார். திருத்தவா, விடவா?
- வாசகர், மேலப்பாளையம்

பதில்: முதல் தப்பை சிரிச்சுக்கிட்டே சொல்லிருங்க: ரம்ஜான்ங்குறது மாசத்துப் பேரு, அது முடிஞ்சு வர்றது நோன்புப் பெருநாள், அதுக்கப்புறம் ரெண்டு மாசம் பத்து நாள் வாக்குல கழிச்சு ஹஜ்ஜுப் பெருநாள்னு. ரெண்டாவதை மட்டும் தனியாக் கூப்பிட்டுச் சொல்லுங்க, முஹர்ரம் பத்து 680-ல கர்பலாவுல இமாம் ஹுசைன் கொல்லப்பட்ட நாள், அன்னைக்கு ஹேப்பி எங்கருந்து வரும்? அவர மட்டும் சொல்லிக் குத்தமில்ல, பெரிய வெள்ளிக்கு 'இனிய புனித வெள்ளி'ன்னு ஸ்டேட்டஸ் வைக்குறவன் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கான். காலண்டர்ல செவப்பா இருந்தா வாழ்த்து, அவ்வளவுதான் கணக்கு.

கேள்வி: எங்க சபையில கிறிஸ்துமஸே கொண்டாட மாட்டோம். ஆனா பேரைப் பாத்துட்டு ஆபீஸ்ல எல்லாரும் வாழ்த்துறாங்க. ஒவ்வொருத்தர்ட்டயும் விளக்கம் சொல்லி வாய் வலிக்குது.
- வாசகர், நாங்குநேரி

பதில்: ஏன்யா சொல்லுதீரு? "நன்றி, நீங்களும் நல்லா இருங்க"ன்னுட்டு டீயக் குடியும். ட்ரீட் கேட்டா மட்டும் விளக்கம் சொல்லும்.

கேள்வி: தமிழ்ப் புத்தாண்டு வாழ்த்தைத் தையில சொல்லணுமா, சித்திரையில சொல்லணுமா?
- வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: 2008-ல தைன்னு சட்டம் போட்டாங்க, 2011-ல மாத்திப் பழையபடி சித்திரைன்னாங்க, சண்டை இன்னும் முடியல. அம்பாசமுத்திரத்துல இருந்துக்கிட்டு இதைப் போய் என்ட்ட கேக்குறீங்களே, உங்களுக்கு சித்திரை ஒண்ணுன்னா விசுலா? பாபநாசத்துக்கு ஆத்துல குளிக்கப் போற கூட்டம் உங்க ஊரைத் தாண்டித்தானே போகும், வழியில பாக்குறவங்கள்ட்ட "விசுவுக்குக் குளிச்சாச்சா?"ன்னு கேளுங்க.