மேய்ச்சல் நிலத்தில் எலி வளைகள் பெருகினால் நஞ்சு வைக்கலாமா?

கேள்வி: எனது மேய்ச்சல் நிலத்தில் ஆண்டுதோறும் எலி வளைகள் பெருகுகின்றன, புல்லோ குறைந்துகொண்டே போகிறது. மாடுகள் வளையில் கால் வைத்து முறித்துக்கொள்ளுமோ என்றும் அஞ்சுகிறேன். சிங்க் பாஸ்பைடு வைத்து எலிகளை அடியோடு ஒழித்துவிடலாமா?

பதில்: நஞ்சு வைக்க வேண்டாம். வளைகள் பெருகியதால் புல் குறைந்ததா, புல் குறைந்ததால் வளைகள் பெருகினவா என்பதை முதலில் பாருங்கள். திறந்தவெளியில் வளை தோண்டி வாழும் உயிரினங்களில் பல, எதிரி வருவதைத் தொலைவிலேயே கண்டுகொள்ள உதவும் குட்டைப் புல்லையே நாடுகின்றன. ஆகவே, அளவுக்கு மீறி மேய்ந்த நிலத்தில் மேய்ச்சலைக் குறைக்காமல் எலிகளை மட்டும் கொன்றால், சுற்றுப்புறத்திலிருந்து புதியவை வந்து அதே வளைகளில் குடியேறிவிடும்.

திபெத்தியப் பீடபூமியில், முயலுக்கு உறவான பைக்கா என்னும் சிற்றுயிரைப் புல்லுக்குப் பகையென்று கருதி, 1950களின் இறுதியிலிருந்து பரந்த பரப்பில் நஞ்சிட்டுக் கொன்றனர். அதன் வளைகளில் கூடுகட்டும் பனிக்குருவிகள் அங்கே அருகின. அதை உண்டு வாழும் பறவைகளுக்கும் நரிகளுக்கும் இரை குறைந்தது. வளைகள் உள்ள இடத்தில் மழைநீர் விரைவாக மண்ணுக்குள் இறங்குவதையும், பைக்கா அழிந்த இடத்தில் அது மேலோடி வழிவதையும் ஆய்வாளர்கள் அளந்து காட்டியுள்ளனர். வறண்ட நிலத்தில் மாடு வளர்ப்பவருக்கு இந்த நீர் எவ்வளவு அரியது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

வளை தோண்டி வாழும் இந்த உயிரினங்கள் புல்லைத் தின்பதும் உண்மையே. மழை பொய்த்த ஆண்டில் அந்த இழப்பு நன்றாகவே தெரியும். ஆனால் வட அமெரிக்காவில், அணில் குடும்பத்தைச் சேர்ந்த பிரெய்ரி நாய்கள் கடித்த இடத்தில் துளிர்க்கும் இளம்புல்லில் புரதம் கூடுதலாக இருப்பதால், காட்டெருமைகள் அவ்விடங்களைத் தேடிச்சென்று மேய்கின்றன. அளவில் குறைவதைத் தரம் ஓரளவு ஈடுசெய்கிறது.

நிலத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் புல் நன்கு உயரும்வரை மாடு விடாமல் ஓய்வு கொடுங்கள். மாலையில் வளைவாய்களை மண்ணால் மூடி, மறுநாள் காலையில் திறந்திருப்பவற்றை மட்டும் எண்ணினால், எலிகள் உண்மையில் எந்த அளவுக்கு இருக்கின்றன என்பது தெரியும். மாடுகள் கூடும் தண்ணீர்த் தொட்டியருகிலும் நடைபாதையிலும் உள்ள வளைகளை மட்டும் கெட்டியாக நிரப்பினால் கால் முறியும் அபாயம் பெரிதும் குறையும். ஆந்தைகள் வந்து அமர உயரமான கம்புகளை நடலாம்.

பயிர் வயலிலும் தானியக் கிடங்கிலும் எலியைக் கட்டுப்படுத்தியே ஆக வேண்டும். ஆனால் மேய்ச்சல் நிலத்தில் சிங்க் பாஸ்பைடு கலந்த இரையை மாடு தின்றுவிட்டால், வயிற்றில் பாஸ்பீன் என்னும் நச்சு வாயு உண்டாகும். அதை முறிக்கும் மருந்து கிடையாது.