பூட்டான் நன்றி மறக்கிறதா?

அன்புள்ள ஐயா,

2017இல் டோக்லாமில் நம் ராணுவம் பூட்டானுக்காக 73 நாட்கள் சீனப் படைக்கு எதிரே நின்றது. அதே பூட்டான் இன்று நம்மை விட்டுவிட்டுச் சீனாவோடு எல்லைப் பேச்சு நடத்துகிறது. தன் மண்ணில் சீனா ஊர் கட்டுவதைக்கூட வாய் திறந்து கண்டிப்பதில்லை. இது நன்றி மறப்பதுதானே?

செ., திருச்சி

அன்புள்ள செ.,

நன்றியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு வரைபடத்தை எடுங்கள். சிக்கிமும் திபெத்தின் சும்பிப் பள்ளத்தாக்கும் பூட்டானும் முட்டிக்கொள்ளும் மூலை டோக்லாம். சீனர்கள் சாலை போட்டுக்கொண்டு வந்தது ஸோம்பெல்ரியில் உள்ள பூட்டான் ராணுவ முகாமை நோக்கி. அதற்கும் தெற்கே இறங்கினால் மேற்கு வங்கத்தின் சிலிகுரி இடைவழி. குறுகிய இடத்தில் சுமார் 22 கிலோமீட்டர்தான் அகலம். வடகிழக்கு மாநிலங்களுக்கு நமக்கிருக்கும் ஒரே தரைவழி. நாம் பூட்டானுக்காகவும் நின்றோம், சரி. ஆனால் முதலில் நின்றது சிலிகுரிக்காக.

1996இல் சீனா ஒரு பேரம் பேசியது. வடக்கே ஜகார்லுங், பசாம்லுங் பள்ளத்தாக்குகளில் 495 சதுர கிலோமீட்டரை விட்டுத்தருகிறோம், மேற்கே டோக்லாம் உட்பட 269 சதுர கிலோமீட்டரைக் கொடுங்கள் என்றது. பரப்பளவை மட்டும் பார்த்தால் பூட்டானுக்கு லாபம். இருந்தும் அது கையெழுத்திடவில்லை. இந்தியாவை மனத்தில் வைத்துத்தான் என்பது என் கணிப்பு.

அதன் விலையைப் பூட்டான் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறது. படையெடுப்பெல்லாம் கிடையாது. முதலில் திபெத்துப் பக்கத்திலிருந்து யாக் மேய்ப்பவர்கள் வருவார்கள். அப்புறம் ரோந்து, அப்புறம் சாலை, கடைசியில் வரிசையாக வீடுகளும் கொடியும். பூட்டானியர் புனிதமாகக் கருதும் பெயுல் கென்பஜோங்கில் 2015க்குப் பிறகு நடந்தது இதுதான். எட்டு லட்சம் பேர்கூட இல்லாத நாடு அது. பனிக்காலத்தில் ஆளே இல்லாத மேய்ச்சல் நிலத்துக்கெல்லாம் எங்கே போய்க் காவல் போடும்? 2020இல் கிழக்கே உள்ள சக்தெங் சரணாலயத்தையும் சர்ச்சைக்குரிய இடம் என்றது சீனா. 1984இல் தொடங்கிய எல்லைப் பேச்சில் அதுவரை அந்தப் பெயரே வந்ததில்லை என்றது பூட்டான்.

கண்டிக்கவில்லை என்பதும் சரியில்லை. 2017இல் அந்த டோக்லாம் சாலையைக் கண்டித்தார்கள். இரு நாடுகளுக்கும் தூதரக உறவே இல்லாததால், அந்தக் கண்டனத்தை டெல்லியில் இருக்கும் சீனத் தூதரகம் வழியாகத் தெரிவிக்க வேண்டியிருந்தது.

நம் பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு. 2012இல் பூட்டான் பிரதமர் ஜிக்மே தின்லே ரியோவில் சீனப் பிரதமரைச் சந்தித்தார். 2013இல் பூட்டானில் தேர்தல் நெருங்கிய நேரம் பார்த்து, சமையல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் இந்தியா தந்துவந்த மானியம் நின்றது. தலைநகர் திம்புவில் சிலிண்டர் விலை எகிறியது. நிர்வாகக் காரணம் என்று இங்கே சொன்னார்கள். அங்கே பலர் நம்பவில்லை. தனி நாடாக இருந்த அடுத்த வீடான சிக்கிம் 1975இல் இந்தியாவோடு சேர்ந்துவிட்டதும் அவர்கள் பார்த்ததுதானே.

எல்லையை முடிவு செய்யச் சீனாவோடு பூட்டான் 2021இல் போட்ட மூன்று கட்டப் புரிந்துணர்வு, 2023இல் பெய்ஜிங்கில் நடந்த 25ஆம் சுற்றுப் பேச்சு எல்லாமே, இருக்கும் மேய்ச்சல் நிலமும் போவதற்குள் ஒரு கோட்டைப் போட்டுவிடும் அவசரம் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் டோக்லாமைப் பற்றி 2023இல் கேட்டபோது அன்றைய பிரதமர் லோதே ஷெரிங், அது பூட்டான் மட்டும் தீர்க்கிற விஷயம் இல்லை, மூன்று நாடுகள் இருக்கிறோம் என்றார். அதற்கும் இங்கே கோபித்துக்கொண்டார்கள். அவர் சொன்ன மூன்றில் ஒன்று நாம்தான், செ.