ஃபைல் எங்கே? – வாசகர் கேள்விகள், பதில்கள்

அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ., பயங்கரவாதச் சந்தேகத்தில் பிடித்தவர்களை அடைத்து விசாரிக்க நடத்திய ரகசியச் சிறைகளைப் பற்றி அமெரிக்க செனட்டின் உளவுத்துறைக் குழு 2014இல் வெளியிட்ட அறிக்கையைக் குறித்துச் சென்ற இதழில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதற்கு நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. அதனால் இந்த முறை முழுப் பக்கமும் அதற்கே.

கேள்வி: உளவு நிறுவனத்தின் ரகசிய ஃபைல்களை அரசியல்வாதிகளிடம் எப்படிக் கொடுத்தார்கள்? மனமுவந்து கொடுத்தார்களா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: இல்லை. ஓர் ஆதாரத்தை அழித்தது வெளியே தெரிந்துபோனதால் கொடுக்க வேண்டி வந்தது.

2002இல் தாய்லாந்தில் இருந்த ரகசியச் சிறையில் இரண்டு கைதிகளை விசாரித்ததை சி.ஐ.ஏ. வீடியோ எடுத்து வைத்திருந்தது. மொத்தம் 92 டேப். 2005 நவம்பரில், ரகசிய நடவடிக்கைப் பிரிவின் தலைவராக இருந்த ஹோசே ரொட்ரிகஸ் உத்தரவின்படி அத்தனையையும் அழித்துவிட்டார்கள். 2007 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் அதை வெளியிட்டது. விசாரணையில் நடந்ததெல்லாம் தலைமையகத்துக்குப் போன தந்திகளில் விவரமாகப் பதிவாகியிருக்கிறது, வேண்டுமானால் அவற்றைப் பாருங்கள் என்று அப்போதைய இயக்குநர் மைக்கேல் ஹைடன் செனட் குழுவிடம் சொன்னார். குழு அதைப் பிடித்துக்கொண்டது. ஊழியர்கள் உட்கார்ந்து அந்தத் தந்திகளைப் படித்தார்கள். அதுவரை குழுவுக்குச் சொல்லப்பட்டதைவிட நடந்தது பல மடங்கு கொடூரமாக இருந்தது. 2009 மார்ச்சில், முழு விசாரணை வேண்டும் என்று குழு 14க்கு 1 என்ற வாக்கில் முடிவு செய்தது. இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து போட்ட வாக்கு அது.

அப்போதும் ஆவணங்களை செனட் அலுவலகத்துக்கு அனுப்ப சி.ஐ.ஏ. ஒப்புக்கொள்ளவில்லை. வடக்கு வர்ஜீனியாவில் தானே ஒரு கட்டடத்தை வாடகைக்கு எடுத்து, தன்னுடைய கம்ப்யூட்டர்களைப் போட்டு, இங்கே வந்து படியுங்கள் என்றது. டேனியல் ஜோன்ஸ் தலைமையில் சில ஊழியர்கள் அங்கே வருடக்கணக்கில் உட்கார்ந்து அறுபது லட்சம் பக்கங்களுக்கு மேல் பார்த்தார்கள். ஒவ்வொரு பக்கத்தையும் முதலில் சி.ஐ.ஏ. நியமித்த ஒப்பந்த ஆட்கள் படித்த பிறகுதான் குழுவுக்குக் கொடுத்தார்கள். இந்த வேலைக்கு ஆன நான்கு கோடி டாலரில் பெரும்பகுதி அந்த ஏற்பாட்டுக்கே போனது. சம்பந்தப்பட்ட அதிகாரிகள்மேல் கிரிமினல் விசாரணை நடந்துகொண்டிருந்ததால் அவர்களை நேரில் விசாரிக்கவும் முடியவில்லை. குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் நடுவிலேயே விலகிக்கொண்டார்கள். மிச்சம் இருந்தது காகிதம் மட்டும்தான். அதை மட்டும் வைத்தே எழுதி முடித்தார்கள்.

நான் வேலைக் காலம் முழுவதும் தணிக்கைத் துறையில் இருந்தவன். ஓர் அலுவலகத்தில் ஒரு கொள்முதல் ஃபைலைக் கேட்டேன். ‘அது மேலிடத்தில் இருக்கிறது சார். என்ன தெரிய வேண்டுமோ கேளுங்கள், நானே சொல்கிறேன்’ என்றார் கண்காணிப்பாளர். அவர் சொன்னது அவ்வளவும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதை வைத்து ஒரு வரி தணிக்கைக் குறிப்பு எழுத முடியாது. சொல்கிறவர் எதைச் சொல்கிறாரோ அதுதான் நமக்குத் தெரியும். எதை விட்டுவிட்டார் என்பதை ஃபைல்தான் சொல்லும். சட்டமன்றமோ நாடாளுமன்றமோ ஓர் அரசைக் கண்காணிக்கிறது என்று யாராவது சொன்னால், ஃபைலைப் பார்க்கிறதா, விளக்கம் மட்டும் கேட்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

கேள்வி: அப்படி என்னதான் கண்டுபிடித்தார்கள்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: ஆள் கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நூற்றுக்கும் குறைவானவர்களைத்தான் பிடித்து வைத்திருந்தோம் என்று சி.ஐ.ஏ. சொல்லி வந்தது. ஆவணங்களை எண்ணியபோது 119 பேர். அவர்களில் குறைந்தது 26 பேர், சி.ஐ.ஏ.வுக்கு அதிபர் வகுத்துக் கொடுத்த விதிப்படியே பிடித்திருக்கக் கூடாதவர்கள். எண்ணிக்கை 112க்கு மேல் வருகிறது என்று 2009 ஜனவரியில் ஓர் அதிகாரி ஹைடனிடம் சொல்லியிருக்கிறார். 98 என்றே வைத்துக்கொள்ள ஹைடன் சொன்னதாக அந்த அதிகாரி அன்றே மின்னஞ்சலில் எழுதி வைத்தார். ஹைடன் பிறகு இதற்குத் தன் பக்க விளக்கத்தைச் சொன்னார். அந்த மின்னஞ்சல் மட்டும் ஆவணத்தில் இருந்திருக்காவிட்டால் இப்படி ஒரு பேச்சு நடந்ததே யாருக்கும் தெரிந்திருக்காது.

அபு ஜுபைதா என்ற கைதியைச் சவப்பெட்டி அளவுள்ள ஒரு பெட்டியில் மொத்தம் 266 மணி நேரம் அடைத்து வைத்திருந்தார்கள். 2001 செப்டம்பர் 11 தாக்குதலைத் திட்டமிட்டவர் எனப்படும் காலித் ஷேக் முகமதுவின் முகத்தில் துணியைப் போட்டு மூச்சுத் திணறத் திணறத் தண்ணீர் ஊற்றியது 183 தடவை. குல் ரஹ்மான் என்பவர் 2002 நவம்பரில் ஆப்கானிஸ்தானில் இருந்த ரகசியச் சிறையில், இடுப்புக்குக் கீழே துணியில்லாமல், வெறும் சிமென்ட் தரையில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்து குளிரில் செத்துப்போனார். அவரும் பிடித்திருக்கக் கூடாத அந்த 26 பேரில் ஒருவர். இதைப் படித்துவிட்டு என்னால் அன்றைக்கு வேறு எதையும் படிக்க முடியவில்லை.

இந்த முறைகளால்தான் உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்று சி.ஐ.ஏ. திரும்பத் திரும்பச் சொன்ன 20 உதாரணங்களைக் குழு ஒவ்வொன்றாக எடுத்து அவர்களுடைய ஆவணங்களோடு ஒப்பிட்டது. ஒன்றும் நிற்கவில்லை என்பது குழுவின் முடிவு. சி.ஐ.ஏ. அதை ஏற்கவில்லை. அதன் பதிலும், குடியரசுக் கட்சி உறுப்பினர்களின் மாற்றுக் கருத்தும் அதே நாளில் வெளிவந்தன. அவற்றையும் படியுங்கள்.

கேள்வி: செனட் குழுவின் தலைவர்களுக்கு இதெல்லாம் முன்பே சொல்லப்பட்டதாமே. அப்போது வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, பிறகு விசாரிப்பதில் என்ன நியாயம்?
– வழக்கறிஞர், கோயம்புத்தூர்

பதில்: நியாயமான கேள்வி. ஆனால் அந்தச் ‘சொல்லப்பட்டது’ எப்படி நடந்தது என்று பார்க்க வேண்டும். ஆரம்ப வருடங்களில் குழுவின் தலைவருக்கும் துணைத் தலைவருக்கும் மட்டுமே சொன்னார்கள். மற்ற உறுப்பினர்களுக்குச் சொன்னது 2006 செப்டம்பர் 6 அன்று. அதே நாள், சில மணி நேரம் கழித்து, அதிபர் புஷ் தொலைக்காட்சியில் ஊருக்கே அறிவித்துவிட்டார்.

இதே காலத்தில் நடந்த இன்னொரு ரகசிய வேலை, நீதிமன்ற அனுமதி இல்லாத ஒட்டுக்கேட்பு. அதைப் பற்றி 2003 ஜூலை 17 அன்று செனட்டர் ஜே ராக்ஃபெல்லருக்குத் துணை அதிபர் சேனி முன்னிலையில் விளக்கினார்கள். குழுவின் துணைத் தலைவர் அவர். ஆனாலும் தன் ஊழியர்களிடமோ ஒரு வக்கீலிடமோ அதைப் பற்றிப் பேசக் கூடாது. அன்றைக்கே சேனிக்கு ஒரு கடிதம் எழுதினார். டைப் அடிக்க யாரிடமும் கொடுக்க முடியாது என்பதால் தன் கையாலேயே எழுதினார். நான் தொழில்நுட்பம் தெரிந்தவனும் இல்லை, வக்கீலும் இல்லை, யாரையும் கலந்து பேச முடியாத நிலையில் இதை என்னால் மதிப்பிட முடியாது, ஆமோதிப்பது அதைவிட முடியாது என்பது அதன் சாரம். ஒரு நகலை உறையிலிட்டு முத்திரை வைத்துக் குழுவின் பாதுகாப்பு அறையில் வைத்தார். 2005 டிசம்பரில் விஷயம் பத்திரிகையில் வந்த பிறகுதான் அந்தக் கடிதத்தை வெளியிட்டார்.

இன்னும் பலமாக எதிர்த்திருக்கலாம் என்று அவரைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. எனக்கும் அந்த வருத்தம் இருக்கிறது. ஆனால் காது கொடுத்துக் கேட்டதற்காக ஒருவரைச் சாட்சியாகவும் பங்காளியாகவும் ஆக்கிவிட்டு, கண்காணிப்பு நடந்துவிட்டது என்று கணக்குக் காட்டினார்களே, பெரிய தப்பு அதுதான்.

கேள்வி: நான் ராணுவத்தில் இருந்தவன். ரகசியத்தை வெளியே சொன்னால் எதிரிக்குத்தானே லாபம்?
– முன்னாள் சுபேதார், வேலூர்

பதில்: ஐயா, ரகசியம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. வெளியான அறிக்கையில் உளவாளிகளின் பெயரோ சிறை இருந்த நாடுகளின் பெயரோ கிடையாது. பல வரிகள் கறுப்பு மையால் அடிக்கப்பட்டவை. அப்படி அடித்தது சரிதான்.

ஆனால் 2014 டிசம்பர் 9 அன்று, இதை வெளியிட்டே ஆக வேண்டும் என்று செனட்டில் எழுந்து பேசியவர் ஜான் மெக்கெய்ன். வியட்நாமில் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு ஐந்து வருடங்களுக்கு மேல் போர்க்கைதியாக இருந்து சித்திரவதைப்பட்டவர். விலகிக்கொண்ட அதே குடியரசுக் கட்சியைச் சேர்ந்தவர். நீங்கள் சீருடை போட்டவர் என்பதால் அவர் பேச்சை முழுதாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அடுத்த வருடம் அவரும் குழுத் தலைவராக இருந்த டயான் ஃபைன்ஸ்டைனும் சேர்ந்து கொண்டுவந்த திருத்தம் சட்டமானது. ராணுவத்தின் விசாரணைக் கையேட்டில் இல்லாத முறை எதையும் இனி ராணுவமோ சி.ஐ.ஏ.வோ தன் காவலில் உள்ள கைதியிடம் பயன்படுத்தக் கூடாது என்கிறது அந்தச் சட்டம்.

கேள்வி: செனட் ஊழியர்களின் கம்ப்யூட்டரையே சி.ஐ.ஏ. நோண்டியது என்று சென்ற இதழில் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்களே?
– வங்கி ஊழியர், மதுரை

பதில்: சி.ஐ.ஏ. இயக்குநராக லியோன் பனெட்டா இருந்தபோது, குழுவுக்குப் போகிற ஆவணங்களில் என்ன இருக்கிறது என்று உள்ளுக்குள்ளேயே ஓர் ஆய்வு எழுதிக்கொண்டார்கள். செனட் குழு கண்டுபிடித்த பலவற்றை அந்த ஆய்வே ஒப்புக்கொண்டிருந்தது என்றார் ஃபைன்ஸ்டைன். வெளியில் சி.ஐ.ஏ. அவற்றை மறுத்தது. அந்த ஆய்வின் பகுதிகள் வர்ஜீனியா அறையின் கம்ப்யூட்டரில் இருந்தன. செனட் ஊழியர்கள் அவற்றைப் பார்த்து, அழிந்துவிடாமல் இருக்க ஒரு பிரதியைத் தங்கள் அலுவலகத்துக்கே கொண்டுபோனார்கள். அது எப்படி அவர்களுக்குக் கிடைத்தது என்று தேட, அந்தக் கம்ப்யூட்டர்களில் குழுவுக்கென்று ஒதுக்கிய பகுதிக்குள் சி.ஐ.ஏ. ஆட்கள் நுழைந்தார்கள். 2014 மார்ச் 11 அன்று ஃபைன்ஸ்டைன் அவையில் எழுந்து இதைச் சொன்னபோது, இயக்குநர் ஜான் பிரென்னன் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று மறுத்தார். அந்த ஜூலையில் சி.ஐ.ஏ.வின் சொந்தத் தலைமை ஆய்வாளரே, ஐந்து ஊழியர்கள் உள்ளே புகுந்தது உண்மை என்று அறிக்கை கொடுத்தார். பிரென்னன் மன்னிப்புக் கேட்டார். பதவியில் நீடித்தார். தணிக்கைக்கு வந்தவரின் மேஜையைத் தணிக்கைக்கு உள்ளானவரே திறந்து பார்ப்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கேள்வி: ரகசியம் தெரிந்த ஓர் உறுப்பினர் அவையில் எழுந்து சொல்லிவிட்டால் சிறைதானா?
– வாசகி, புதுச்சேரி

பதில்: கிடையாது. அவையில் பேசிய பேச்சுக்காக வெளியே யாரும் கேள்வி கேட்க முடியாது என்று அமெரிக்க அரசியல் சாசனம் சொல்கிறது. (நம் சாசனத்தில் 105ஆவது பிரிவு.) 1971 ஜூனில் மைக் கிராவல் என்ற செனட்டர், வியட்நாம் போரைப் பற்றிய பென்டகன் ஆவணங்களை ஒரு துணைக்குழுக் கூட்டத்தில் நள்ளிரவு தாண்டிப் படித்துப் பதிவேட்டில் ஏற்றினார். அவர்மேல் வழக்கு வரவில்லை. ஆனால் அவையே ஓர் உறுப்பினரைத் தண்டிக்கலாம், குழுவிலிருந்து நீக்கலாம். அந்தப் பயம் பெரியது. கோடிக்கணக்கான அமெரிக்கர்களின் தகவல்களைத் திரட்டுகிறீர்களா என்று 2013 மார்ச்சில் உளவுத்துறைக் குழு உறுப்பினரான செனட்டர் ரான் வைடன் கேட்டதற்கு, உளவுத்துறைகளின் தலைவர் கிளாப்பர் இல்லை என்றார். அது பொய் என்று வைடனுக்குத் தெரியும். சொல்ல முடியவில்லை. ஜூனில் ரகசிய ஆவணங்களை வெளியிட்டு, உளவுத்துறையின் ஒப்பந்த ஊழியராக இருந்த ஸ்னோடன்தான் சொன்னார்.

கேள்வி: நம் நாட்டில்?
– வாசகர், தருமபுரி

பதில்: உள்நாட்டு உளவைப் பார்க்கும் ஐ.பி.யையும் வெளிநாட்டு உளவைப் பார்க்கும் ரா அமைப்பையும் கண்காணிக்க நம் நாடாளுமன்றத்தில் தனிக் குழு எதுவும் இல்லை. அவற்றை நிறுவி, அவற்றின் அதிகாரத்தை வரையறுக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டமும் இல்லை. 2011இல் காங்கிரஸ் எம்.பி. மணீஷ் திவாரி தனிநபர் மசோதா ஒன்று கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 24ஆவது பிரிவு இந்த அமைப்புகளுக்கு விலக்குக் கொடுக்கிறது. ஊழல், மனித உரிமை மீறல் புகார்கள் மட்டும் அந்த விலக்கில் வராது. ரகசியச் செலவு என்று தலைப்பு இருந்தால் தணிக்கையாளர் வவுச்சரைப் பார்க்க முடியாது, பொறுப்பான அதிகாரி தரும் சான்றிதழோடு நின்றுவிட வேண்டும். மற்றத் துறைகளுக்குப் பொதுக் கணக்குக் குழு இருக்கிறது, 1967இலிருந்து எதிர்க்கட்சி உறுப்பினரைத் தலைவராக வைக்கும் நல்ல வழக்கமும் இருக்கிறது. உளவு அமைப்புகளுக்கும் அதேபோல, சிறியதாக, ரகசியம் காக்கும் உறுதிமொழியோடு, ஆனால் ஃபைலைக் கேட்டு வாங்கும் அதிகாரத்தோடு ஒரு குழு வேண்டும் என்பது என் கருத்து. இதைத் தேர்தல் நேரத்தில் வேட்பாளர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: அந்த அறிக்கையை நான் படிக்க முடியுமா?
– நூலகர், ஈரோடு

பதில்: ஐந்நூற்றுச் சொச்சம் பக்கமுள்ள சுருக்கம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முழு அறிக்கை 6,700 பக்கத்துக்கு மேல், அது இன்னும் வெளிவரவில்லை. சுருக்கத்தில் முதலில் 20 முடிவுகளைப் படியுங்கள். அப்புறம் நேராக மூன்றாவது பின்னிணைப்புக்குப் போங்கள். 2007 ஏப்ரல் 12 அன்று குழுவின் முன் ஹைடன் சொன்னது இடது பக்கம், அதே விஷயத்தில் சி.ஐ.ஏ.வின் ஆவணங்கள் சொல்வது வலது பக்கம் என்று அட்டவணை போட்டிருக்கிறார்கள்.