பற்கள் சொன்ன ஊர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நார்வேயின் இஸ்டாலன் பள்ளத்தாக்கில் கிடந்த பெண்ணைப் பற்றி நீங்கள் சென்ற வாரம் எழுதிய சிறு குறிப்பைப் படித்தபின் மூன்று இரவுகள் தூங்காமல் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். பாதி எரிந்த உடல், துணிகளில் கத்தரித்து எடுக்கப்பட்ட லேபிள்கள், விக், எட்டுப் பொய்ப்பெயர்கள், சங்கேதக் குறிப்பு. அவள் உளவாளிதான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. நீங்கள் அந்தச் சொல்லைக்கூடப் பயன்படுத்தவில்லையே, ஏன்?

இன்னொன்றும் கேட்கவேண்டும். அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. இனி அவள் பெயர் தெரிந்து யாருக்கு என்ன ஆகப்போகிறது?

கே.

அன்புள்ள கே,

அந்தச் சொல்லை வேண்டுமென்றேதான் தவிர்த்தேன். உளவாளி என்று சொல்லிவிட்டால் நமக்கு ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. அவள் எந்த வீட்டுப் பெண், யார் அவளுக்குத் தலைவாரிவிட்டார்கள் என்று அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

சந்தேகத்துக்கு இடமே இல்லை என்று சொல்ல வரவில்லை. 1970இல் பனிப்போர் நடந்துகொண்டிருந்தது. நார்வே தன் பெங்குயின் ஏவுகணையை மேற்குக் கடற்கரையில் ரகசியமாகச் சோதித்துக்கொண்டிருந்தது. அவளுடைய பயணங்கள் சில அந்தச் சோதனைகளோடு ஒத்துப்போகின்றன. ஆனால் எல்லோரும் பெரிதாகப் பேசும் அந்தச் சங்கேதக் குறிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ‘O 22 O 28 P’ என்று ஒரு வரி. அக்டோபர் 22 முதல் 28 வரை பாரிஸில் இருந்தாள் என்று பொருள். தேதியும் ஊரும், அவ்வளவுதான். நம் வீடுகளில் காலண்டரில் பால் கணக்கைக் குறிப்பதுபோல அவள் தன் பயணத்தைக் குறித்து வைத்திருக்கிறாள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1970 நவம்பர் 29, நார்வேயின் பெர்கன் நகரம். உல்ரிகன் மலையடியில் அந்தப் பள்ளத்தாக்கில் நடக்கப்போன ஒரு தந்தையும் இரு மகள்களும் பாறைகளுக்கிடையே அவளைக் கண்டார்கள். உடலின் முன்பக்கம் எரிந்திருந்தது. நுரையீரலில் புகைக்கரி இருந்ததால் தீப்பற்றியபோது உயிர் இருந்திருக்கிறது. 50 முதல் 70 தூக்கமாத்திரைகள் வரை விழுங்கியிருந்தாள். கழுத்தில் ஒரு காயம். தற்கொலையாக இருக்கலாம் என்று போலீஸ் வழக்கை முடித்தது. என்னால் அதை ஏற்கமுடியவில்லை. அத்தனை மாத்திரை விழுங்கியவள் எதற்காகப் பெட்ரோலையும் தேடிப்போகவேண்டும்? அந்த இடத்தில் இன்னொருவர் இருந்தார் என்றே நினைக்கிறேன். நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை.

பெர்கன் ரயில் நிலையத்தில் அவள் விட்டுப்போன இரண்டு பெட்டிகள் டிசம்பர் 2இல் கிடைத்தன. உள்ளே இருந்த மூக்குக்கண்ணாடியில் பதிந்திருந்த கைரேகை அவளுடையது. பெட்டியின் உள்துணிக்குள் 500 ஜெர்மன் மார்க் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. என்னை நிறுத்தியது அந்தப் பணம் இல்லை. சிரங்குக்குப் போடும் தோல் களிம்பு ஒன்று இருந்தது. அதிலிருந்த லேபிளை, எழுதிக்கொடுத்த டாக்டரின் பெயர் தெரியாதபடி சுரண்டியிருந்தாள். தோல் அரிக்கிறது, மருந்து வேண்டும். ஆனால் மருந்தும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடக்கூடாது. ராத்திரி ஏதோ ஓட்டல் அறையில் விளக்கடியில் உட்கார்ந்து நகத்தால் அந்தக் காகிதத்தைச் சுரண்டுகிற பெண்ணை எனக்குப் பார்க்கமுடிகிறது. உளவாளியோ இல்லையோ, அவள் பயந்திருந்தாள்.

இனி பற்கள். அவளைப் புதைத்தாலும் தாடையைத் தனியே எடுத்து வைத்திருந்தார்கள். நார்வே ஒலிபரப்பு நிறுவனமான என்.ஆர்.கே. 2016இல் வழக்கைத் திரும்பக் கிளறியபோது, அது பெர்கனின் ஹவுகேலண்ட் மருத்துவமனையின் தடயவியல் சேமிப்பில் பத்திரமாக இருந்தது தெரியவந்தது. பல்லின் எனாமல் சிறுவயதில் உருவாகிவிட்டால் பிறகு மாறுவதில்லை. குழந்தை குடித்த தண்ணீரின் ஆக்சிஜனும், அந்த மண்ணில் விளைந்ததைத் தின்றதால் வந்த ஸ்ட்ரான்ஷியமும் அதில் அப்படியே தங்கிவிடும். ஒவ்வொரு பல்லும் வெவ்வேறு வயதில் உருவாவதால், வரிசையாகப் பார்த்தால் குழந்தை எங்கிருந்து எங்கே போனது என்றுகூடச் சொல்லலாம். 2017இல் முடிவு வந்தது. 1930ஐ ஒட்டி, நான்கு வருடம் முன்பின்னாக, ஜெர்மனியின் நியூரம்பெர்க் பகுதியில் பிறந்திருக்கிறாள். சிறுவயதிலேயே மேற்கே, பிரான்சுக்கோ அதன் எல்லையோரத்துக்கோ போயிருக்கிறாள். எட்டுப் பெயர்களில் பொய் சொன்னவள், பெரும்பாலும் தன்னை பெல்ஜியக்காரி என்றே ஓட்டல் படிவங்களில் எழுதியவள். பற்களிடம் அது நடக்கவில்லை.

நியூரம்பெர்க், முப்பதுகள் என்றதும் மனம் எங்கே போகிறதென்று உங்களுக்கும் தெரியும். யூதர்களின் குடியுரிமையைப் பறித்த சட்டங்கள் 1935இல் அந்த நகரில்தான் அறிவிக்கப்பட்டன. அந்தக் குடும்பம் அதனால்தான் ஊரைவிட்டுப் போனதா என்பதைப் பல் சொல்லாது. நானும் சொல்லக்கூடாது.

ஆஸ்திரேலியாவில் அடிலெய்டுக்கருகே சோமர்டன் கடற்கரையில் 1948இல் இறந்துகிடந்த மனிதரையும் எழுபது வருடங்களுக்குமேல் உளவாளி என்றே பேசினார்கள். 2022இல் ஆய்வாளர் டெரெக் அபாட் குழு, முகத்தின் வார்ப்பில் ஒட்டியிருந்த முடியின் மரபணுவை வைத்து, அவர் மெல்போர்னைச் சேர்ந்த கார்ல் வெப் என்ற மின்பொறியாளர் என்று அறிவித்தது. மனைவியைப் பிரிந்து போயிருந்த மனிதர். அதைப் படித்த அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. நானும் அந்த உளவுக் கதைகளை ஆசையாக வாசித்தவன்தான்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு பெர்கன் போலீஸ்காரர்கள் அப்போதே பதில் செய்துவிட்டார்கள். 1971 பிப்ரவரி 5இல் மொல்லெண்டால் இடுகாட்டில் கத்தோலிக்க முறைப்படி அவளுடைய அடக்கம் நடந்தது. உறவு என்று ஒருவரும் இல்லை, போலீஸ்காரர்கள்தான் நின்றார்கள். துத்தநாகப் பெட்டியில் வைத்தார்கள். நாளைக்குச் சொந்தக்காரர்கள் வந்து ஊருக்கு எடுத்துப்போக விரும்பினால் உடல் தாங்கவேண்டும் அல்லவா? சடங்கைப் படமும் எடுத்து வைத்தார்கள், அவர்களுக்குக் காட்டுவதற்காக.

அவளுக்கு ஒரு தங்கை இருந்தால் தொண்ணூறை நெருங்கியிருப்பார். தங்கை இல்லாவிட்டாலும் அண்ணன் பிள்ளைகள் இருக்கலாம். 1970க்குப் பிறகு கடிதம் வராமல்போன ஓர் அத்தையைப் பற்றிப் பெரியவர்கள் பேச்சை மாற்றுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள். அவளுடைய மரபணு மாதிரி தயாராக இருக்கிறது. அவர்களில் ஒருவர் தன்னுடையதை ஒப்பிட்டுப் பார்க்கப் பரிசோதனைக்குக் கொடுத்தால் போதும்.