வீட்டில் சீனி ஐசிங்: கேள்வி பதில்

நத்தாருக்குக் கேக் அடிக்கிற காலமும் திருகோணமலையில் மாரி மழைக் காலமும் ஒன்றாகவே வருகின்றன. கேக்கை அருமையாகச் சுட்டெடுக்கிறவர்கள்கூட ஐசிங்கில் தடுமாறுவது அதனால்தான். வந்த கேள்விகளில் பொதுவானவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

உவர்மலையிலிருந்து: அக்கா, ஐசிங் சீனியில் தண்ணீர் கலந்து ஊற்றினேன். எல்லாம் வழிந்து தட்டில் தேங்கிவிட்டது. சரியான அளவு என்ன?

தண்ணீர் கூடிவிட்டது, தங்கச்சி. 250 கிராம் ஐசிங் சீனியை முதலில் அரித்துக்கொள்ளுங்கள். கட்டியோடு தண்ணீர் விட்டால் பிறகு எவ்வளவு கலக்கினாலும் அந்தக் கட்டி போகாது. இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் எடுத்து, ஒன்றரையை மட்டும் விடுங்கள். மாவுபோல வறண்டு நிற்கும், தண்ணீர் காணாது என்றுதான் தோன்றும். இன்னும் விடாதீர்கள். ஒரு நிமிடம் கரண்டியால் அழுத்திக் குழையுங்கள், சீனி கரையக் கரையத் தானாக இளகிவரும். மிச்சத் தண்ணீரை அதற்குப் பிறகு துளித்துளியாக விடலாம். கரண்டியைத் தூக்கினால் விழுகிற கோடு சுமார் பத்து விநாடி மறையாமல் நிற்க வேண்டும். அதுதான் பதம். இளகிப்போனால் ஒவ்வொரு கரண்டியாகச் சீனி சேர்த்து இறுக்கலாம்.

சீனி காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். வறண்ட கச்சான் காற்று வீசும் நாட்களில் சரியாக வந்த அளவு மழை நாளில் கூடிப்போகும். அதனால் எந்தக் குறிப்பில் எந்த அளவு இருந்தாலும் தண்ணீரில் கொஞ்சத்தை எப்போதும் பிடித்து வையுங்கள். அப்புறம், கேக்கின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இருந்தாலும் ஐசிங் உருகி ஓடும்.

சாம்பல்தீவிலிருந்து: பக்கத்துக் கடையில் ஐசிங் சீனி இல்லை. வீட்டிலேயே அரைக்கலாமா?

தாராளமாக. 200 கிராம் வெள்ளைச் சீனிக்கு ஒரு மேசைக்கரண்டி சோள மா. ஈரமில்லாத மிக்ஸி ஜாரில் போட்டு, இடையிடையே நிறுத்தி நிறுத்தி அரையுங்கள், தூசி அடங்கிய பிறகு மூடியைத் திறவுங்கள். சோள மா ஈரத்தை உறிஞ்சுவதால் சீனி கட்டிபடாது. கடைப் பைக்கற்றிலும் பெரும்பாலும் அது கலந்துதான் இருக்கும். விரலில் நறநறவென்றால் இன்னொரு தரம் அரித்து அரையுங்கள்.

கிண்ணியாவிலிருந்து: பெருநாளுக்குப் பட்டர் ஐசிங் போட்டேன். மத்தியானமே சரிந்துவிட்டது, அக்கா.

பட்டர் 32 முதல் 35 பாகை செல்சியசில் உருகிவிடும். நம்முடைய பகல் வெயில் அந்த அளவைத் தொடுகிறதே! 100 கிராம் பட்டருக்கு 200 கிராம் ஐசிங் சீனி என்பது வழக்கமான அளவு. பட்டரில் பாதிக்குக் கட்டி மாஜரின் சேர்த்தால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். சுவைக்காக நான் முழுப் பட்டரையே விரும்புவேன், ஆனால் அதை அதிகாலையிலோ இரவிலோதான் அடிக்க வேண்டும். கேக்கை வெயிலில் கொண்டுபோவதென்றால் பட்டர் ஐசிங்கை விட்டுவிட்டு, முதலில் சொன்ன தண்ணீர் ஐசிங்கைப் போடுங்கள்.

நகரிலிருந்து: எங்கள் வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை. ஐசிங்கிற்கு முட்டை கட்டாயமா?

இல்லை. பூ வேலைக்கான ரோயல் ஐசிங்கிற்குத்தான் வெள்ளைக்கரு வேண்டும். அது பச்சை முட்டை என்பதால் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்காமல் விடுவதே நல்லது. நீங்கள் தண்ணீருக்குப் பதிலாகத் தேசிக்காய்ப் புளி விட்டுப் பாருங்கள். திகட்டும் இனிப்பு அடங்கும், எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். பால் விட்டால் வெள்ளை நிறம் கூடும்.

மூதூரிலிருந்து: ரோஸ் நிறத்துக்குக் கலரிங் வாங்கத்தான் வேண்டுமா?

வேண்டாம். துருவிய பீட்ரூட்டைப் பிழிந்து சில துளி விடுங்கள். அதுவும் தண்ணீர்தான், அந்த அளவைக் கழித்துக்கொள்ளுங்கள்.

நிலாவெளியிலிருந்து: ஐசிங் போட்ட கேக்கைப் பிரிட்ஜில் வைத்து எடுத்தால் வியர்த்து ஒட்டுகிறது.

குளிர்ந்த கேக்கின்மேல் வெளியிலுள்ள ஈரம் படிந்து சீனியைக் கரைக்கிறது. தண்ணீர் ஐசிங்கிற்குப் பிரிட்ஜ் தேவையில்லை. காய்ந்து தோல் பிடிக்கும்வரை சில மணி நேரம் மூடாமல் வையுங்கள், பிறகு டின்னில் போட்டு மூடலாம். எறும்பு வராமலிருக்க, அகலமான தட்டில் தண்ணீர் விட்டு நடுவில் ஒரு கோப்பையைக் கவிழ்த்து, அதன்மேல் கேக் தட்டை வையுங்கள்.