கடிவாளம் பிடித்த கை

கேள்வி: 1968-இல் கும்பகோணம் ரயில் நிலைய வாசலில், அப்பாவின் ஜட்கா குதிரைக்கு நான் புல் ஊட்டுவதைப் படம் பிடித்து நாளிதழில் போட்டார்கள். எனக்கு அப்போது ஐந்து வயது. ஓரத்தில் கடிவாளம் பிடித்த அப்பாவின் கை மட்டும் தெரியும். அவருக்கு வேறு படம் கிடையாது. அந்தத் தாள் தம்பி வீட்டில் நொறுங்கிக்கொண்டிருக்கிறது. (அம்மாவும் அங்கேதான், பூதக்கண்ணாடி வைத்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.) படத்தில் இருப்பவன் நான். லேமினேட் செய்து சென்னையில் மகளின் புது வீட்டில் மாட்ட ஆசை. தம்பி தர மறுக்கிறான். எப்படி வாங்குவது?

பதில்: வாங்காதீர்கள்.

பெற்ற தாயை அடைப்புக்குறிக்குள் உட்கார வைத்துவிட்டுத் தம்பியைப் பற்றி என்னிடம் முறையிடுகிறீர்கள். உங்களைப் பார்க்கவா அவருக்குப் பூதக்கண்ணாடி? நீங்கள்தான் நடுவில் பெரிதாக நிற்கிறீர்களே! அவர் தேடுவது அந்தக் கையை. தாயை வைத்துக் காப்பாற்றுகிறவரிடம்தான் அந்தத் தாள் இருக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை.

அந்தக் கை அங்கே ஏன் இருந்தது என்று யோசித்ததுண்டா? கரி இஞ்சின் ஓடிய காலம். ஊதல் கேட்டுக் குதிரை மிரண்டு தலையைச் சிலுப்பினால், வாயருகே நிற்கும் குழந்தை என்ன ஆகும்? சவாரி பிடிக்க வேண்டிய நேரத்தில் உங்களுக்காகக் கடிவாளத்தை இறுக்கிக்கொண்டு நின்றிருக்கிறார். முகம் படத்தில் விழாவிட்டாலும் பிடியை விடவில்லை. அதைத்தான் ‘மட்டும்’ என்று எழுதுகிறீர்கள்.

லேமினேஷன் பேச்சே வேண்டாம். செய்தித்தாள் மரக்கூழ், அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சம் பட்டு மஞ்சளாகும், அமிலம் தாளை அரிக்கும். மேலே பிளாஸ்டிக் ஒட்டினால் அரிப்பு நிற்காது, பிறகு உரிக்கவும் முடியாது. டேப்பும் ஒட்டக் கூடாது. அமிலமற்ற தாள் வாங்கிக்கொண்டு போய்த் தம்பியிடம் கொடுங்கள். அதன் நடுவே வைத்து, ஐப்பசி ஈரம் ஏறாத அலமாரியில் பத்திரப்படுத்தட்டும். நாளிதழ்கள் சென்னைக் கன்னிமாரா நூலகத்துக்கு வந்து சேர வேண்டும் என்பது 1956 முதல் சட்டம். தேதி தெரிந்தால் அங்கேயும் தேடிப் பாருங்கள். தேதிக்கும் அம்மாவைத்தான் கேட்க வேண்டியிருக்கும்.

கும்பகோணம் போய், படத்தைப் பற்றி வாய் திறக்காமல் இரண்டு நாள் அவரோடு இருங்கள். பிறகு தம்பியிடம் கேட்டு ஸ்கேன் எடுங்கள். முதல் பிரதி அம்மாவுக்கு: அந்தக் கையைக் கண்ணாடி இல்லாமலே பார்க்கும் அளவுக்குப் பெரிதாக. மகளுக்கு அடுத்த பிரதி. ஃப்ரேம் கடையில் அளவு சரியாக வர ஓரத்தை வெட்டச் சொல்வார்கள். வெட்ட விடாதீர்கள்.