செங்கோட்டை ஜெராக்ஸ் கடைக்கு எந்த லினக்ஸ்?

கேள்வி: செங்கோட்டையில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். இரண்டு கம்ப்யூட்டர், 4 ஜிபி ரேம், விண்டோஸ் 10. விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றுவிட்டது, இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள் என்கிறார் சர்வீஸ்காரர். இல்லையென்றால் மெஷினுக்கு 2,500 ரூபாய் வாங்கிக்கொண்டு 'லைஃப்டைம் லைசென்ஸ்' லினக்ஸ் போட்டுத் தருவாராம். என்ன செய்யட்டும்?

பதில்: அந்த 2,500 ரூபாயைக் கொடுத்துவிடாதீர்கள். லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இயங்குதளம். அதன் வகைகளான மின்ட், உபுண்டு, டெபியன் எதற்கும் லைசென்ஸ் காசு கிடையாது. யாரும் இறக்கிக்கொள்ளலாம், எத்தனை மெஷினிலும் போடலாம். போட்டுத் தரும் கூலியைக் கேட்கட்டும், அது நியாயம். லைசென்ஸ் என்று பில் எழுதினால் ஏமாற்று. 500 ரூபாய்க்கு கிராக் விண்டோஸ் போடுகிறேன் என்று வருபவர் அதைவிட ஆபத்து. முதல் வேலையாக ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார். ஊராரின் ஆதாரும் பாஸ்புக்கும் ஸ்கேன் ஆகிக் கிடக்கிற மெஷின் அது!

விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது உண்மைதான். அதற்காக மெஷின் கெட்டுப்போகவில்லை. லினக்ஸ் மின்ட் 22-ல் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பைப் போடுங்கள். 4 ஜிபியில் ஓடும், 2029 வரை அப்டேட் வரும். வேறு பத்துப் பெயர் சொல்பவர்களைக் காதில் வாங்க வேண்டாம்.

ஆனால் உங்கள் பிரிண்டர் எது என்று எழுதவில்லையே. நம் பக்கத்துக் கடைகளில் அதிகம் பார்ப்பது கேனான் எல்பிபி 2900. லினக்ஸில் அதை ஓட்டுவது பெரும்பாடு. ஒரு கடையில் சாயங்காலம் முழுக்க மல்லுக்கட்டினேன். டிரே நிறையப் பேப்பர், விளக்கு எரிகிறது, திரையில் 'அச்சாகிறது' என்று நிற்கிறது, தாள் நகரவே இல்லை. மனுவுக்காக ஒரு பெரியவர் பெஞ்சில் காத்திருந்தார். உங்களிடமும் அதுதான் என்றால் ஒரு மெஷினில் மட்டும் மின்ட் போடுங்கள். இன்னொன்றில் விண்டோஸ் 10 அப்படியே இருக்கட்டும், நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டு. மின்டில் பிடிஎஃப் ஆக்கி, பென்டிரைவில் கொண்டுபோய் அங்கே அச்சடியுங்கள். ஹெச்பி 1020 என்றால் இந்தப் பாடு இல்லை. ஹெச்பிலிப் என்ற பிரிண்டர் மென்பொருளைப் போட்டு, அது கேட்கும் பிளகினை ஒருமுறை நெட்டில் இறக்கினால் போதும்.

தமிழ்99 கீபோர்டு முறையில் மின்டிலேயே தட்டலாம். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் வரும் ஃபைல்தான் தொல்லை. எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழ் தமிழாகவே தெரிய உதவும் யூனிகோடைத் தமிழக அரசு ஏற்றது 2010-ல். இன்றும் ஆபீஸ் ஃபைல் பழைய எழுத்துருவில் வருகிறது, அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாக! புளியரை தாண்டி, கேரளத்து ஆரியங்காவு போனால் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் லினக்ஸில்தான் பாடம் படிக்கிறார்கள். இங்கே நாம் எழுத்துருவுக்காக விண்டோஸைக் கட்டி அழ வேண்டியிருக்கிறது. கோபம் வராதா?

கடை மூடும் ஒரு நாளில் மின்டைப் பென்டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பாருங்கள். நெட், தமிழ், ஸ்கேனர் எல்லாம் சரியா என்று பார்த்துவிட்டுப் பிறகு போடுங்கள். டிஸ்கை அழிக்கவா என்று ஒரு திரை கேட்கும். கல்யாணப் பத்திரிகை ஃபைல் உட்பட எல்லாம் வெளி டிஸ்கில் இருக்கிறதா என்று திறந்து பார்த்த பிறகே சரி கொடுங்கள்.